பரலுக்கு மூடி வந்த கதை



மாரி தொடங்கிவிட்டது. நம் ஊர்களில் இப்போது வீட்டுக்கு வீடு பீலிக்குக் கீழே ஒரு பரல் நிற்கிறது. சில வீட்டில் நீலப் பிளாஸ்டிக் பரல், சில வீட்டில் பழைய தகரப் பரல், இன்னும் சில வீட்டில் சீமெந்துத் தொட்டி. கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் உவர். குழாய்த் தண்ணீரும் நினைத்த நேரத்துக்கு வராது. உடுப்புக் கழுவ, வளவு மரங்களுக்கு ஊற்ற, மலசலகூடத்துக்குப் பாவிக்க மழைத் தண்ணீர்தான் கைகொடுக்கிறது.

ஆனால் டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பதும் அந்தப் பரலைத்தான். “தண்ணி இல்லண்டுதானே வெச்சம், இப்ப அதுக்கும் தண்டம் கட்டச் சொல்றாங்க” என்ற மனக்கசப்பு நம் சனங்களிடம் இருக்கிறது. அதனால் பரலையே கவிழ்த்துப் போட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். பரிசோதகர் வருகிறார் என்று தெரிந்தால் மட்டும் ஒரு தகரத்தைத் தூக்கி மேலே வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டுமே தேவையில்லை என்பதுதான் வரலாறு சொல்லும் பாடம். மழைத் தண்ணீர் பிடிக்கும் பரல் ஒரு காலத்தில் நகரங்களையே கொன்றிருக்கிறது. அதே பரலை வைத்துக்கொண்டே அந்த மரணத்தை நிறுத்தியும் இருக்கிறார்கள். அந்தக் கதையை இந்த மழைக்காலத்தில் நாம் எல்லோரும் ஒருமுறை வாசித்து வைப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

*வீட்டுக்கொரு தொட்டி*

மழை நீரைச் சேமிப்பது புதிய யோசனை இல்லை. இன்றைய ஜோர்தானில் உள்ள தீபான் என்ற ஊரில் 1868 இல் ஒரு கருங்கல் சாசனம் கண்டெடுக்கப்பட்டது. மோவாப் நாட்டு அரசன் மேஷா ஏறத்தாழ 2,800 வருடங்களுக்கு முன் வெட்டுவித்தது அது. தன் நகரத்தில் தண்ணீர்த் தொட்டி இல்லாத நிலையைப் பார்த்து, மக்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒரு தொட்டி அமைக்க வேண்டும் என்று கட்டளையிட்டதாக அவன் அதில் பெருமையோடு பதிந்திருக்கிறான். அந்தக் கல் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெனிஸ் நகரம் கடலுக்கு நடுவில் இருப்பது. சுற்றிவரத் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. அவர்கள் முற்றத்தைத் தோண்டி, களிமண்ணால் பூசி, மணல் நிரப்பி, நடுவில் செங்கல்லால் ஒரு கிணற்றுக் குழாய் கட்டினார்கள். மழை நீர் மணலில் வடிந்து அந்தக் குழாய்க்குள் ஊறி வரும். 1884 இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் நீர் வரும்வரை இந்தத் தொட்டிகள்தான் அந்த நகரத்தின் உயிர்.

நம் பக்கத்தில் கிடுகுக் கூரையின் தாழ்வாரத்தில் அண்டாவும் குடமும் வைத்தார்கள். தென்னை மரத்தில் ஓலையைக் கட்டி, மரத்தில் வழியும் மழையைப் பானைக்குத் திருப்பினார்கள். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கத் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்தார்கள். பாத்திரங்களை இரவில் மூடி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை நம் பிள்ளைகள் இன்றும் மத்ரஸாவில் படிக்கிறார்கள். உம்மம்மாமாரின் வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு மேல் எப்போதும் ஒரு சிரட்டையோ தட்டோ இருந்தது அந்தப் பழக்கத்தினால்தான்.

இந்தப் பானைகளுக்கு ஒரு குணம் உண்டு. சிறியவை. ஒரு நாள், இரண்டு நாளில் தண்ணீர் தீர்ந்துவிடும். கழுவிக் கவிழ்த்துத்தான் மறுபடி நிரப்புவார்கள். சிக்கல் தொடங்கியது, நாட்கணக்காகவும் கிழமைக்கணக்காகவும் தண்ணீர் தங்கி நிற்கும் பெரிய பீப்பா வந்த பிறகுதான்.

*பீப்பாவில் ஏறி வந்த நுளம்பு*

டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் இஜிப்தி நுளம்பின் பூர்வீகம் ஆபிரிக்கா. அங்கே மரப்பொந்துகளில் தேங்கும் மழை நீரில் முட்டையிட்டு வாழ்ந்த பூச்சி அது. அடிமைகளை ஏற்றிக்கொண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த கப்பல்களில் குடிநீர் மரப் பீப்பாக்களில் வைக்கப்பட்டிருந்தது. மரப்பொந்துக்கும் மரப் பீப்பாவுக்கும் நுளம்பைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. பல கிழமை நீளும் பயணத்தில் அது பீப்பாவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி மறுகரையில் இறங்கியது. கூடவே மஞ்சட்காய்ச்சலும் இறங்கியது. 1647 இல் பார்படோஸ் தீவிலும் 1648 இல் மெக்சிக்கோவின் யுகாத்தானிலும் அந்த நோய் பரவியதாகப் பதிவுகள் இருக்கின்றன.

அதன் பிறகு 250 வருடங்கள் அமெரிக்கக் கண்டத்துத் துறைமுகங்கள் இந்த நோய்க்கு நடுங்கின. காரணம் யாருக்கும் தெரியவில்லை. கெட்ட காற்று என்றார்கள். குப்பை என்றார்கள். நோயாளியின் உடுப்பு என்றார்கள். தெருவில் தாரை எரித்துப் புகை போட்டார்கள். பீரங்கி வெடித்துக் காற்றைச் சுத்தம் செய்யப் பார்த்தார்கள். பீப்பாவை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

1881 இல் கியூபா நாட்டு வைத்தியர் கார்லோஸ் பின்லே, இதைப் பரப்புவது ஒரு வீட்டு நுளம்பு என்று ஹவானாவில் அறிவித்தார். எந்த நுளம்பு என்பதையும் சரியாகச் சொன்னார். ஏறத்தாழ 20 வருடங்கள் அவரைப் பெரும்பாலோர் நம்பவில்லை.

1900 இல் வோல்ட்டர் ரீட் தலைமையில் அமெரிக்க இராணுவ வைத்தியக் குழு ஒன்று ஹவானாவுக்கு வந்தது. அவர்கள் செய்த பரிசோதனை பாடப்புத்தகத்தில் வைக்கத் தகுந்தது. ஒரு குடிலில் மஞ்சட்காய்ச்சல் நோயாளிகள் பாவித்த அழுக்குப் படுக்கை விரிப்புகளில் தொண்டர்களை நாட்கணக்காகப் படுக்க வைத்தார்கள். நுளம்பு உள்ளே வராமல் வலை அடித்திருந்தார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. துப்புரவான இன்னொரு குடிலில், நோயாளியைக் கடித்த நுளம்புகளை விட்டார்கள். கடிபட்டவர் நோயில் விழுந்தார். அந்தக் குழுவில் இருந்த ஜெஸி லாஸியர் என்ற வைத்தியர் நுளம்புக் கடியால் நோய் கண்டு 1900 செப்டெம்பரில் இறந்தே போனார். நாம் இன்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் அறிவு இப்படித்தான் கிடைத்தது.

*சுத்தமான நகரத்தில் ஏன் நோய்?*

ஹவானாவின் சுகாதாரப் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் கோர்கஸ். ரீட் குழு தன் முடிவைச் சொல்வதற்கு முன்பே அவர் நகரத்தைத் துப்புரவு செய்து முடித்திருந்தார். தெருக்கள் கூட்டப்பட்டன, குப்பைகள் அள்ளப்பட்டன. ஆனால் 1900 இல் மஞ்சட்காய்ச்சல் குறையாமல் கூடியது. அந்த வருடம் 300 பேருக்கு மேல் அதில் இறந்தார்கள்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். “எங்கட வளவு சுத்தம், எங்களுக்கு டெங்கு வராது” என்று நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? இந்த நுளம்புக்குச் சாக்கடை தேவையில்லை. அது தேடுவது வீட்டை ஒட்டி, நிழலில், அசையாமல் நிற்கும் தெளிந்த தண்ணீரை. அதாவது நாம் கவனமாகச் சேமித்து வைத்திருக்கும் மழைத் தண்ணீரை.

1901 பெப்ரவரியில் கோர்கஸ் தெருவை விட்டுவிட்டு வீடுகளுக்குள் போனார். ஹவானா வீடுகளில் மழைத் தண்ணீர் பீப்பாக்களில்தான் இருந்தது. அவர் பீப்பாக்களை உடைக்கச் சொல்லவில்லை. தச்சர்களை அனுப்பினார். பீப்பாவுக்கு மரமூடி, கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் ஒரு துளை, துளைக்குக் கம்பி வலை, தண்ணீர் எடுக்க அடியில் ஒரு குழாய். மூடியைத் திறக்கும் தேவையே இல்லாமல் செய்தார்கள். பரிசோதகர்கள் வீடு வீடாகத் திரும்பத் திரும்ப வந்தார்கள். குடம்பி கண்டால் தண்டம். மூட முடியாத தேக்கங்களில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள்.

அந்த வருடம் செப்டெம்பர் முடிவதற்குள் ஹவானாவில் மஞ்சட்காய்ச்சல் நின்றுபோனது. 1901 முழுவதிலும் 20 பேர்கூட அதில் இறக்கவில்லை. நூற்றைம்பது வருடமாக அந்த நகரத்தை விட்டு அகலாத நோய் அது.

*நியூ ஓர்லியன்ஸ், 1905*

நம் ஊருக்கு அதிகம் பொருந்தும் கதை இதுதான். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் தாழ்ந்த சதுப்பு நிலத்தில் இருக்கும் நகரம். நிலத்தடி நீர் நல்லதில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டுப் பக்கத்திலும் ஆள் உயரத்தையும் தாண்டிய பெரிய மரப் பீப்பா ஒன்று நின்றது. கூரை மழை அதில் விழும். அதைத்தான் குடித்தார்கள். 1853 இல் மட்டும் அந்த நகரத்தில் மஞ்சட்காய்ச்சலால் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள்.

ஹவானாவின் வெற்றிக்குப் பிறகு, நகரத்தின் சுகாதார அதிகாரி குவிட்மன் கோன்கி தொட்டிகளுக்கு வலை போடுங்கள் என்று வலியுறுத்தி வந்தார். மக்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1905 ஜூலையில் நோய் வந்தது. முதலில் பாதிக்கப்பட்டவர்கள் சந்தைக்கு அண்மையில் நெருக்கமாக வாழ்ந்த இத்தாலியக் குடியேறிகள். ஊர் அவர்கள் மீது பழி போட்டது. பயத்தில் அவர்கள் நோயாளிகளை மறைத்தார்கள். மறைத்ததால் நோய் இன்னும் பரவியது. அவர்களுடைய மொழி தெரிந்தவர்களும் பாதிரிமாரும் போய்ப் பேசிய பிறகுதான் கதவுகள் திறந்தன. ஒரு நோய்க்கு ஒரு சமூகத்தைக் குற்றவாளியாக்கினால் என்ன நடக்கும் என்பதை நமக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஓகஸ்டில் தொட்டிகளுக்கு வலை போடுவது சட்டமாக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெரிய நகரத்தின் பல்லாயிரம் தொட்டிகளையும் சட்டம் மட்டும் மூடிவிடவில்லை. பெவர்லி வோர்னர் என்ற மதகுரு, வட்டாரம் வட்டாரமாகத் தொண்டர்களைச் சேர்த்தார். தேவாலயங்களில் நுளம்பைப் பற்றிப் பிரசங்கம் நடந்தது. தெருவில் உள்ளவர்களே தெருவின் தொட்டிகளை ஏறிப் பார்த்தார்கள். நகரத்தின் பேராயர் சப்பெல் அந்த ஓகஸ்டில் அதே நோயில் இறந்தார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. முன்பு ஆயிரக்கணக்கில் இருந்த மரணம் அந்த வருடம் 452 இல் நின்றது. அமெரிக்காவில் கடைசியாகப் பரவிய மஞ்சட்காய்ச்சல் அதுதான்.

அதே 1905 டிசம்பரில், நாம் இன்று பாவிக்கும் தகரப் பரலின் முன்னோடியான உருக்குப் பீப்பாவுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் எண்ணெய் ஏற்றி அது உலகம் முழுவதும் போனது. எண்ணெயும் தாரும் தீர்ந்த பிறகு வெற்றுப் பரல் வீட்டுக்கு வந்து தண்ணீர்ப் பரலானது. ஏறத்தாழ 200 லீற்றர் பிடிக்கும் அந்த அளவைப் பார்த்தே பிளாஸ்டிக் பரலும் பின்னர் வந்தது. பரல் நம் வளவுக்கு வந்தது. மூடியின் கதை மட்டும் கூட வரவில்லை.

*நம் நாட்டில்*

இலங்கை முதலில் போராடிய நுளம்பு வேறு. 1934, 35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாக வற்றியபோது அந்தக் குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. அதை அரசாங்கத்தால் வெளியில் நின்று அடக்க முடிந்தது. மருந்து தெளித்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், சிகிச்சை கொடுத்தார்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது.

டெங்கு அப்படி இல்லை. 1962 இல் இங்கே அது உறுதி செய்யப்பட்டது. 1989 இலிருந்து உயிர்கொல்லும் இரத்தப்பெருக்குக் காய்ச்சலாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் பரப்பும் நுளம்பு ஆற்றில் இல்லை, நம் வேலிக்குள் இருக்கிறது. பிரதேச சபை புகை அடித்தால் பறக்கும் நுளம்பு சாகும். பரலுக்குள் இருக்கும் குடம்பி சாகாது.

2017 மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். வைத்தியசாலையில் கட்டில் போதவில்லை. பாடசாலைகள் சில நாட்கள் மூடப்பட்டன. ஜனாஸா மேல் ஜனாஸா. அந்த வருடம் நாடு முழுவதும் பதிவான டெங்கு நோயாளிகள் 186,000 க்கு மேல். இறந்தவர்கள் 400 க்கு மேல்.

இதே காலத்தில்தான் மழை நீரின் தேவையும் கூடியது. 1995 இலிருந்து சமூக நீர் வழங்கல் திட்டத்தில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் வீடுகளுக்கு 5,000 லீற்றர் மழைநீர்த் தாங்கிகள் கட்டிக் கொடுத்தார்கள். 2004 சுனாமியில் நம் கரையோரக் கிணறுகளுக்குள் கடல் புகுந்தது. 2005 இல் மழைநீர் சேகரிப்புக்குத் தேசியக் கொள்கையே வந்தது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், நுளம்பு பெருகாமல் தன் வளவை வைத்திருப்பது அங்கே வசிப்பவரின் கடமை என்கிறது. ஒரு பக்கம் தண்ணீரைப் பிடி என்கிறார்கள், மறுபக்கம் தேங்க விடாதே என்கிறார்கள் என்று தோன்றும். ஹவானாவின் தச்சர் அடித்த மூடியில் இந்த இரண்டும் ஒத்துப்போகின்றன.

*மூடி மட்டும் போதுமா?*

போதாது. இந்த நுளம்பு முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பரல் சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். ஒரு கிழமை, பத்து நாளில் பறக்கும். கோடை முழுவதும் கவிழ்ந்து கிடந்த பரலை மாரியில் நிமிர்த்தி அப்படியே பீலிக்குக் கீழே வைக்கிறோமே, போன வருடத்து முட்டையோடுதான் வைக்கிறோம். தண்ணீரை ஊற்றிவிட்டால் சுத்தம் என்பது தவறான கணக்கு. தேய்த்தால்தான் சுத்தம்.

ஆகவே மழை வலுக்கும் முன் ஒருமுறை முழுமையாகச் செய்ய வேண்டியவை:

1. பரலை முழுதாக வெறுமையாக்குங்கள். தண்ணீரைக் காணுக்குள் விடாமல் வெயில் படும் மணலில் ஊற்றுங்கள். குடம்பி காய்ந்து சாகும்.

2. தேங்காய்த் தும்பும் சவர்க்காரமும் போட்டு உட்சுவரை அழுத்தித் தேயுங்கள். தண்ணீர் நின்ற அடையாளம் வட்டமாகத் தெரியும். அந்தக் கோட்டிலும் அதற்கு மேலேயும்தான் முட்டை இருக்கும். விளிம்பையும் மூடியின் உட்பக்கத்தையும் விடாதீர்கள். அலசிய தண்ணீரையும் மணலில் ஊற்றி, பரலை நன்றாக வெயிலில் காய விடுங்கள்.

3. பீலியில் கிடக்கும் இலைகளை வாருங்கள். நடுவில் தொய்ந்த பீலியும் ஒரு தொட்டிதான். சரிவைச் சரிசெய்யுங்கள்.

4. பரலைக் கல் அடுக்கி உயர்த்தி, அடியிலிருந்து சற்று மேலே ஒரு குழாய் பூட்டுங்கள். வண்டல் கீழே தங்கும், மூடியைத் திறந்து வாளி விடும் தேவையும் இராது.

5. தண்ணீர் விழும் வாய்க்கும் மேலதிக நீர் வழியும் துளைக்கும் நுளம்பு புகாத நெருக்கமான வலை போட்டு, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுங்கள். வலை குழிந்து தண்ணீர் தேங்கக் கூடாது.

6. நாட்கணக்காக மழை இல்லாமல் இருந்து பெய்யும் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். கூரையின் தூசும் பறவை எச்சமும் அதில்தான் வரும். கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பிடியுங்கள்.

7. இரசாயனம் வந்த பரலை வாங்க வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றுவது அந்தக் காலத்து வைத்தியம். இப்போது அது தண்ணீரைப் பாழாக்குவதுதான். குடிக்கத்தான் வேண்டும் என்றால் கொதிக்க வைத்தே குடியுங்கள். மூட முடியாத பெரிய சீமெந்துத் தொட்டிக்குக் கப்பி மீன் விடலாம்.

அதன் பிறகு கிழமைக்கு ஒருநாள், ஜும்ஆவுக்குக் குளிக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வலை கிழிந்திருக்கிறதா, உள்ளே குடம்பி நெளிகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கண்டால் ஊற்றித் தேயுங்கள். முட்டை நுளம்பாக ஒரு கிழமை எடுக்கும். நாமும் கிழமைக்கு ஒருமுறை பார்த்தால் அதற்கு வளர அவகாசம் இல்லை.

இந்த நுளம்பு பெரும்பாலும் நூறு, இருநூறு மீற்றருக்கு அப்பால் பறப்பதில்லை. நம் பரலில் பொரித்தது நம் பிள்ளையைக் கடிக்கும், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். நாம் தேய்த்துவிட்டு அடுத்த வீட்டில் தேய்க்காவிட்டாலும் கடிபடுவது நம் பிள்ளைகள்தான். அதனால் பள்ளிவாசல் நிருவாகிகளிடமும் இளைஞர் அமைப்புகளிடமும் ஒன்றைக் கேட்கிறோம். மஹல்லாவை ஒழுங்கை ஒழுங்கையாகப் பிரித்து, ஒவ்வொரு ஒழுங்கைக்கும் நாலு இளைஞர்களை விடுங்கள். தண்டம் எழுத இல்லை. வலையும் தும்பும் கொண்டு போக. ஆண் துணை இல்லாத வீடுகள், வயதானவர்கள் தனியே இருக்கும் வீடுகளுக்கு முதலில் போகட்டும். பரலைத் தூக்கிக் கவிழ்க்க அவர்களால் முடியாது. வயதுவந்த மாணவர்களை அனுப்பி உதவ ஆசிரியர்களான நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இந்த மாரியில் நம் ஊரில் டெங்குவுக்கு ஒரு பிள்ளையையும் பறிகொடுக்காமல் அல்லாஹ் காப்பானாக. தும்பை எடுக்கும் வேலை நம்முடையது.